கால் பாட்டில் பெட்ரோல்

காஞ்சிபுரத்தில் பெட்ரோல் விலை சென்னையைவிட எப்போதும் சில காசுகள் கூடுதல். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் ஐயா, அரசாங்க வண்டிக்கு யாரோ நிரப்பிவிடுகிறார்கள். நான் தினமும் காலையில் டீ குடிக்கப் போகிற வழியில் பங்க் பலகையைப் பார்ப்பேன். ஆறு மணிக்குப் புது விலை வரும். மாறியிருக்கிறதோ இல்லையோ, பார்த்துவிட்டுத்தான் டீ.

அந்தச் சில காசு ஏன் கூடுகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டேங்கர் லாரி கிடங்கிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ, அந்தக் கூலி விலையில் ஏறுகிறது. அவ்வளவுதான். தூரம் கூட்டுவது காசுகளை. ரூபாய்களைக் கூட்டுவது மாநில வரி. இங்கிருந்து மூன்று மணி நேரம் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. வடக்கே இரண்டு மணி நேரத்தில் ஆந்திர எல்லை. தாண்டினால் ஏழெட்டு ரூபாய் அதிகம். நெசவுக்காரர்களுக்கு நான் இப்படிச் சொல்லிப் புரியவைப்பேன். ஒரே பாவு நூலில் மூன்று சேலை நெய்கிறீர்கள். அதே பட்டு, அதே சாயம், அதே கை. ஒன்றை வீட்டு வாசலிலேயே விற்கிறீர்கள், ஒன்று காந்தி ரோட்டுக் கடைக்குப் போகிறது, ஒன்று சென்னையில் குளிரூட்டிய கடைக்குப் போகிறது. மூன்றுக்கும் ஒரே விலையா? பெட்ரோலும் அப்படித்தான். நடுச் சேலை நாம்.

என் பெயர் ராமராஜன். வயது நாற்பத்தொன்பது. வேன் ஸ்டாண்டுக்கு எதிரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்துவரவில்லை, நானாகத்தான் வந்தேன். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் பரமசிவமும் அவர் மனைவி வடிவாம்பாளும் வீட்டுத் தீயில் கருகி இறந்து நான்கு மாதமாகிறது. பட்டுச் சேலையில் கறை எடுக்க வைத்திருந்த கால் பாட்டில் பெட்ரோல் தீப்பிடித்தது, விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். செய்தித்தாளிலும் அப்படியே வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன், பலமுறை படித்துவிட்டேன். கால் பாட்டில் பெட்ரோலுக்கு ஒரு வீட்டின் ஓடுகளைக் கிளப்புகிற பலம் கிடையாது ஐயா. எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை. அதனால்தான் வந்தேன்.

வேன் ஓட்டுகிறவர்களிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன்கள் நம் ஊரிலிருந்து நிறையப் போகின்றன. முசரவாக்கம் கிறிஸ்டோபருடையது அதில் ஒன்று. எட்டுப் பேர் உட்காருகிற பழைய வண்டியில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவான். ஒப்பந்தக்காரரோடு அவன் வாடகை பேசியது பெட்ரோல் எழுபது ரூபாய்ச் சில்லறையாக இருந்த காலத்தில். நூறைத் தாண்டிய பிறகும் அதே வாடகைதான் வந்தது. மிச்சம் அவன் வீட்டுச் சோற்றிலிருந்து போனது. இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டப் பழகியிருந்தான். அது தவறு, பிரேக் பிடிக்காது என்று அவனுக்கு விளக்கியிருக்கிறேன்.

"மைலேஜ் ஏத்திக் குடுண்ணா" என்பான். "இல்லாங்காட்டி பொண்ணுங்கள எறங்கித் தள்ளச் சொல்லணும். கம்பெனிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதுங்களுக்கு டூட்டி முடிஞ்சிடும்."

இஞ்சினில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்தேன். அதற்கு மேல் இஞ்சினில் ஒன்றும் இல்லை. விலையில்தான் இருந்தது.

யேசுதாஸ் என்று இன்னொரு ஓட்டுநர். சுற்றுலா வேன். கோயில் பார்க்க வருகிறவர்களை இரண்டு நாள் இங்கே சுற்றிக் காட்டிவிட்டுப் புதுச்சேரியில் கொண்டுபோய் விடுவான். திரும்பும்போது காலி வண்டி. காலியாக ஓடுகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் இருக்கைகளுக்கு அடியில் கேன்கள் அசையாமல் நிற்க ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தேன். எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. ஆனால் அங்கே தேடுவது பிராந்தி பாட்டிலை. ஒருமுறை ஒரு காவலர் கேனைத் திறந்து ஆசையாக முகர்ந்து பார்த்து, முகம் சுருங்கி மூடிவிட்டாராம். யேசுதாஸ் ஸ்டாண்டில் அதை நடித்துக் காட்டுவான், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இருபத்திரண்டு ஓட்டுநர்கள் ஒரு வருடம் அந்தப் பெட்ரோலில் ஓடினார்கள். பங்க் விலையைவிட மூன்று ரூபாய் குறைவாகக் கொடுத்தேன். சில கேன்கள் ஆந்திரப் பக்கமும் போயின. அதில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும். அதைப் பற்றி விளக்க ஒன்றுமில்லை.

எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. என் ஷெட்டில் வெல்டிங் நடக்கிறது, பொறி பறக்கும். அங்கே பெட்ரோல் வைக்கிறவன் பைத்தியக்காரன். நான் பத்திரமான இடமாகத் தேடினேன். அப்படித்தான் பரமசிவம் அண்ணன் வீடு வந்தது.

குழித்தறியைப் பார்த்திருப்பீர்கள். தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். பரமசிவம் அண்ணன் வீட்டு முன்னறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒன்றில் அவர் தறி. இன்னொன்று அவர் தம்பி ஆனந்தகுமாருடையது. தம்பி அடுத்த தெருவில் புது வீடு கட்டித் தறியையும் எடுத்துப் போய்விட்டார். குழி மட்டும் பலகை போட்டு மூடிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அதில் இரண்டு கல் பெயர்ந்த சந்து. மண்ணுக்குள் இருப்பதால் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சி. அடியில் மணல் பரப்பினேன், ஏழு கேன்கள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன.

வாசனை வராதா என்று நீங்கள் கேட்பீர்கள். வரும். பிள்ளையார்பாளையத்தில் அது யாருக்கும் வாசனையே இல்லை. தறிக்கு மேலே இருக்கிற, சேலைக்கு டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டியிலிருந்து சில நேரம் எண்ணெய் சொட்டும். பட்டில் எண்ணெய்க் கறை இருந்தால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன பாட்டிலில் பெட்ரோல் இருக்கும். கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் வளையம் விழும். வடிவாம்பாள் அண்ணி அதில் கெட்டிக்காரர், தெருவே அவரிடம் சேலையைக் கொண்டுவரும். அந்த வீட்டில் பெட்ரோல் வாசனை அடித்தால் அண்ணி கறை எடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அந்த வீட்டு மூக்குகளுக்கோ அதுகூடத் தெரியாது. வேறு எந்த ஊரில் இப்படி ஓர் இடம் கிடைக்கும், சொல்லுங்கள்.

வாடகையாக மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்தேன். பரமசிவம் அண்ணனுக்குப் பெரிய விருப்பமில்லை, பழகிய முகத்துக்காக ஒத்துக்கொண்டார். குழிப்பக்கம் விளக்கு, அகல், தீக்குச்சி எதுவும் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் தறிக்குச் சாம்பிராணி காட்டுவார்கள். தூபக்கால் நிறைய நெருப்பு, மேலே சாம்பிராணித் தூள். தறியைச் சுற்றிக் காட்டிவிட்டுக் குழிக்குள்ளும் கையை இறக்கிக் காட்டுவார் அண்ணி. தம்பியின் குழி காலியாக இருந்தாலும் பலகையைத் தூக்கி அதற்கும் ஒரு சுற்று. கேன்கள் இருக்கிறவரை முன்னறைக்கே தூபக்கால் வரக்கூடாது, ஊதுவத்திகூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். காரணத்தையும் விளக்கினேன். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனம். புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடும். அண்ணி ஒரு வருடம் தூபக்காலைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டார். அதில் அவருக்கு மனக்குறை இருந்தது. ஆனாலும் சொன்னதைக் கேட்டார்.

பங்குனியில் அவர்கள் மகள் அகிலா ஏழாம் மாத வளையல் போட்டுக்கொண்டு தாய்வீடு வந்தாள். மாசமாக இருக்கிறவர்களுக்கு மோப்பம் கூர்மையாகிவிடும். உள்ளே காலை வைத்ததிலிருந்து குமட்டல். சோறு இறங்கவில்லை. பெட்ரோல் வாசனை என்று அவள்தான் சொன்னாள்.

உத்திரம் முடிந்த திங்கட்கிழமை பரமசிவம் அண்ணன் ஸ்டாண்டு டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா ராமராஜா, கேன எப்ப எடுக்கப் போற?"

"எறக்கின சரக்கு போவட்டும்ண்ணே. ஒரு மாசம் குடுங்க."

"ஒரு மாசமா? என் பொண்ணு நாலு நாளா ஒரு வாய் துன்னல. வியாழக்கிழமைக்குள்ள எடுத்துடு. இல்ல, நானே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடுவேன். என்னியும் புடிச்சா புடிக்கட்டும்."

"மூடி இறுக்கமா இருந்தா ஆவி வெளிய வராதுண்ணே. அது எப்டின்னா..."

"யப்பா சாமி, போதும்பா." கையெடுத்துக் கும்பிட்டார். "வண்டி பெட்ரோல்ல ஓடுது, இவன் வாய் சும்மாவே ஓடுது. பிளக்கைக் கழட்டித் தொடைக்கிறவன், என்னமோ ராக்கெட் உட்டவனாட்டம் அளந்துக்கினு இருக்கான். வாசனை வராதுன்னு சொன்னான், வந்துச்சு. இவன் சொல்றது எதுனா ஒண்ணு நடந்துக்குதா, கேளுங்கபா."

சிரித்தார்கள். ஆறு பேர் இருந்தார்கள். கிறிஸ்டோபர் இரண்டாவது பெஞ்சில், அவன் பக்கத்தில் யேசுதாஸ். யேசுதாஸுக்கு டீ புரையேறிவிட்டது. டீக்கடைக்காரர் தையல்நாயகி அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வாசனை வராது என்று நான் சொல்லவே இல்லை, மூடி இறுக்கமாக இருந்தால் வராது என்றுதான் சொன்னேன். அந்த நிபந்தனையை அவர் விட்டுவிட்டுச் சொன்னார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் நினைத்துப் பார்த்தது ஓட்டுநர்களை. ஒருவர் காவல் நிலையத்தில் போய் நின்றால் இருபத்திரண்டு குடும்பம் மறுபடி பங்க் விலைக்குப் போக வேண்டும். அன்று மாலை கிறிஸ்டோபர் ஷெட்டுக்கு வந்தான்.

"எடுத்துடுண்ணா. மாசமா கீற பொண்ணு. எங்களப் பத்தி யோசிக்காத."

"பெட்ரோலுக்கு நீ எங்க போவ?"

"காண்ட்ராக்டரு இந்த மாசத்துலேர்ந்து ரேட்டு ஏத்திட்டாருண்ணா. நான் சி.என்.ஜி. கிட்டுக்கு முன்பணம் குடுத்துட்டேன். மத்தவனுங்களும் அதான் பேசிக்கினு இருக்கானுங்க. இனிமே இந்தத் திருட்டுப் பொழப்பு வாணாம்ண்ணா."

கேஸ் சிலிண்டர் பின்னால் இடத்தை அடைக்கும், மேட்டில் இழுவை குறையும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டுநர்களுக்குத் தங்கள் நன்மை எது என்று தெரிவதில்லை. அவர்களுக்காக வேறு யாராவதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டியோடு போனேன். பரமசிவம் அண்ணன் வாசலில் நின்று எண்ணினார். ஏழு கேன் போயிருந்தது, ஏழு கேன் வெளியே வந்தது. அவருக்குத் திருப்தி. "கோச்சிக்காதடா, பொண்ணு நெலமைல பேசிட்டேன்" என்று என் தோளைத் தட்டினார். கேன்களைக் குழியிலிருந்து தூக்கியவன் நான் ஒருவன்தான். ஏழாவது கேனைத் தூக்கும்போது மற்ற ஆறைப் போலவே பல்லைக் கடித்து, முழங்கையை இடுப்பில் ஊன்றித் தூக்கினேன். அதில் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து லிட்டரும் குழி மணலில் இருந்தது. ஊற்றும்போது சத்தம் வராமல் இருக்க வாயை மணலில் சாய்த்து வைக்க வேண்டும், மெதுவாகத்தான் இறங்கும். பிறகு பலகைகளை நெருக்கிப் போட்டு, மேலே பழைய சாக்கை விரித்தேன்.

கேனை அசைத்ததால் வாசனை இன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அகிலாவை இன்றிரவு மட்டும் சித்தப்பா வீட்டில் படுக்கச் சொல்லுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவரும் அப்போதே கூட்டிப்போய் விட்டுவந்தார். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கெட்ட எண்ணம் உள்ளவன் அதைச் செய்வானா? அகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அண்ணியையும் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது முடியாது ஐயா. மறுநாள் வெள்ளிக்கிழமை. சாம்பிராணி காட்ட ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையும் வழக்கம்போலப் பங்க் பலகையைப் பார்த்தேன். விலை மாறவில்லை. பரமசிவம் அண்ணன் ஆறு மணிக்குத் தறியில் உட்கார்ந்துவிடுவார், இரண்டு காலும் குழிக்குள் இருக்கும். சுவரில் சந்து இருப்பதால் ஒரு குழியில் நிற்கிறது மறு குழியிலும் அதே மட்டத்துக்கு நிற்கும். அண்ணி குளித்து, நெருப்பு எடுத்து, முன்னறைக்கு வர ஆறே காலாகும். டீ கையில் இருக்கும்போது சத்தம் கேட்டது. வெடி மாதிரிக் கூர்மையாக இருக்காது. பெரிய கதவை யாரோ ஒரே மூச்சில் சாத்தியதுபோல இருக்கும். ஆவி மொத்தமும் ஒன்றாகப் பிடிப்பதால் அப்படி.

மற்றவர்கள் ஓடினார்கள். நான் டீயை முடித்துவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டுக் காவேரி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றாதே, தீ தண்ணீர்மேல் மிதந்து பரவும், மணலைப் போடு என்று சொன்னேன். எதிரே ஒரு வீட்டு வேலைக்கு மணல் கொட்டியிருந்தது. வரிசையாக நிற்கவைத்துக் கூடை மாற்றச் சொன்னேன். தெருவே நான் சொன்னபடி செய்தது. கிறிஸ்டோபர்கூட. அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தபோது அவர்களுக்கு அதிகம் வேலையில்லை. "அண்ணன் இல்லன்னா நாலு வூடு போயிருக்கும்" என்று பலபேர் சொன்னார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். பரமசிவம் அண்ணனால் காலைக் குழியிலிருந்து எடுக்க முடியவில்லை. அண்ணி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பேசவில்லை.

உடைந்த சின்ன பாட்டில் ஒன்று கிடைத்தது. உங்கள் ஆட்கள் அதை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார்கள், வேலை முடிந்தது. நான்கு மாதமாக டீக்கடையில் அதே பேச்சு. "கால் பாட்டில் பெட்ரோல் ஒரு வூட்டையே தூக்கிடுச்சு பாத்தியா" என்று யேசுதாஸ் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறான். ஓடு எப்படிப் பறந்தது, தீ ஏன் தரையிலிருந்து கிளம்பியது என்று ஒருவனும் கேட்பதில்லை. ஏழு கேனும் முந்தின நாளே வெளியே போனதைத் தெருவே பார்த்திருந்தது. எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று ஒரு பையன் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பெட்ரோல் ஆவி மேலே எழும்பும் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டால் முழுமையாகும். வியாழக்கிழமை கேன்களை ஏற்றிய பிறகு வடிவாம்பாள் அண்ணி காபி கொண்டுவந்தார்.

"தம்பி, வருஷமா சின்னவரு குழிக்கு சாம்பிராணி காட்டாத கெடக்குது. நாளைக்கு வெள்ளிக்கெழம. காட்டலாமாப்பா? ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது அண்ணி. ராவுல பலகையத் தொறக்காதீங்க. மூடியே இருந்தா ஆவி தானா மண்ணுல எறங்கிடும். காலைல தொறந்துட்டு தாராளமா காட்டுங்க."

"அண்ணன் திட்டுனத மனசுல வச்சிக்காதப்பா. உனக்குத் தெரியாததா" என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மூடி வைத்தால் ஆவி மண்ணில் இறங்காது ஐயா. குழியிலேயே நிற்கும், திறக்கிறவருக்காகக் காத்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். அந்த ஒன்றைத் தவிர, அந்த வீட்டில் நான் சொன்ன விளக்கங்கள் எல்லாமே சரியானவை.